ஊரப்பாக்கம் என்று முன்பே இருந்தது

அந்தப் படிவத்தில் மொத்தம் பதினேழு கட்டங்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி, படிப்பு என்று வரிசையாகப் போய்ப் பதினாறாவதாக ஒரு கேள்வி வரும்: எங்கே பஸ் ஏறுவீர்கள்? அதற்கு மட்டும் எழுத இடம் கிடையாது. ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதை அழுத்தினால் ஒன்பது ஊர்களின் பட்டியல் கீழே தொங்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தாமல் விட்டுவிட்டால், கட்டத்தில் முன்பே தெரிகிற ஊரைத்தான் பதிலாகக் கணினி எடுத்துக்கொள்ளும். முன்பே தெரிந்த ஊர் ஊரப்பாக்கம். அதை அங்கே வைத்தவள் நான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், பஸ் காண்டிராக்டர் ஒருவரின் ஆபீசில் வேலை பார்த்தேன். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்குவது அவர் தொழில். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஒரு கை எதையோ பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். பேப்பர் வெயிட்டையாவது திருப்புவார். எனக்கு மனிதர்களின் முகம் சீக்கிரம் மறந்துவிடும், அவர்கள் சொன்ன பேச்சு மறக்காது. அவர் முகம் இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. பேச்சு முழுசாக இருக்கிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு தொழிற்சாலை. கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாக முடிந்து அனுப்புவார்கள். பிளஸ் டூ முடித்த பெண்களை மொத்தமாக வேலைக்கு எடுத்தபோது, அழைத்து வரும் பொறுப்பை எங்களிடம் கொடுத்தார்கள். வேலை கிடைத்தவர்கள் எல்லாரும் தங்கள் ஊர்ப் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும், யார் எங்கே ஏறுவார்கள் என்று பட்டியல் தானாக வந்துவிடும் என்பது ஏற்பாடு.

"ஏம்மா, நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்ணுவியே. ஒரு பக்கம் போட்டுக் குடு. வெளில குடுத்தா இழுத்தடிப்பான்" என்றார் முதலாளி.

நான் இதை யாரிடமும் படித்ததில்லை. தொண்ணூறுகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், அப்புறம் ஒரு பிரவுசிங் சென்டரில் மூன்று வருஷ வேலை. கூட்டம் இல்லாத மத்தியானங்களில், திறந்த வலைப்பக்கத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் அது எப்படிச் செய்யப்பட்டது என்று காட்டும். அடுத்த வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்க்கிற மாதிரி. அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். அதனால் எனக்கு எது எப்படிச் செய்வது என்று தெரியும், எதைச் செய்யக்கூடாது என்று தெரியாது.

பட்டியலை ஆங்கில அகரவரிசையில் போட்டிருந்தேன். அச்சரப்பாக்கம் தலையில், நடுவில் மதுராந்தகம், முட்டுக்காடு எல்லாம், கடைசியில் ஊரப்பாக்கம். படிவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க, என் பெயரையும் என் முகவரியையும் போட்டுப் போட்டு அனுப்பிப் பார்த்தேன். என் வீடு ஊரப்பாக்கம். ஒவ்வொரு தடவையும் பட்டியலின் அடிவரைக்கும் இறங்க வேண்டியிருந்தது. முப்பதாவது தடவையோ என்னவோ, சலித்துப்போய், ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் 'செலக்டட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு பக்கம் திறந்த உடனே ஊரப்பாக்கம் வந்து நிற்கும். என் கைக்கு வேலை மிச்சம்.

சோதனை முடிந்தது. அந்தச் சொல்லை எடுக்க மறந்துபோனேன். முதலாளி திரையைப் பார்த்து, "பரவால்லியே, ஒரு கட்டமாவது நெறஞ்சி கீது. எல்லாம் காலியா இருந்தா பாக்கவே பேஜாரா இருக்கும்" என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

படிவம் போய், பட்டியல் வந்தது. ஊரப்பாக்கத்தில் மட்டும் எழுபத்தொரு பேர். மதுராந்தகத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் பக்கம் ரயில் வசதி இருக்கிறது, ஜி.எஸ்.டி. ரோடு இருக்கிறது, அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஊரப்பாக்கத்துக்கு இரண்டு பஸ் ஒதுக்கினோம். மதுராந்தகம் பக்கம் வண்டியே போகவில்லை. பெண்களின் அடையாள அட்டையில் ஏறும் இடமும் சேர்ந்தே அச்சானது.

முதல் வாரத்திலேயே இரண்டாவது பஸ்ஸின் டிரைவர் மாடிக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, முன்னாடி வண்டில பொண்ணுங்க. என் வண்டில காத்து. காத்த ஏத்திகினு போயி கம்பெனில எறக்கி வுட்டுட்டு வரேன். கேட்ல செக்யூரிட்டி, 'இன்னா அண்ணாத்த, உன் ஆளுங்களுக்கு ஐடி கார்டு எங்க'ன்றான்."

முதலாளி உள்ளேயிருந்தே பதில் சொன்னார். "புதுப் பொண்ணுங்க. கல்யாண வூட்ல மொதப் பந்தில எவன் குந்துவான்? ரெண்டாம் பந்திக்கு வருவாங்க வுடுய்யா."

இரண்டாம் பந்திக்கும் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்த பஸ் அப்படியே ஓடியது. கடைசியில் தொழிற்சாலையிலிருந்தே ஏன் காலி வண்டி வருகிறது என்று கேட்டுவிட்டார்கள். நீ அந்த ஊர்தானே, காலையில் போய்த் தலை எண்ணிவிட்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார்.

நான் வழக்கமாக எட்டரை மணி ரயிலுக்குத்தான் ஸ்டேஷனுக்குப் போவேன். அன்று ஆறரைக்கு, ஸ்டேஷன் படிக்கட்டு ரோட்டில் இறங்குகிற இடத்தில், நோட்டோடு நின்றேன். பெண்கள் இரண்டும் மூன்றுமாக வந்தார்கள். பெயரைக் கேட்டு டிக் போட்டேன். இருபத்திரண்டு பேர் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள். அப்புறம் செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்தது. அதிலிருந்து ஐந்து பெண்கள் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். கையில் தூக்குப்பை, தலையில் நேற்றைய கனகாம்பரம்.

"எந்த ஊரும்மா?"

"மதுராந்தகம்க்கா."

"இங்க சொந்தக்காரங்க வூட்ல தங்கிக்கினு இருக்கியா?"

"இல்லக்கா. இப்பதான் வரோம். அஞ்சு பேரும் அங்கேந்துதான்."

மதுராந்தகம் செங்கல்பட்டுக்குத் தெற்கே. ஊரப்பாக்கம் வடக்கே. அவள் விடியும் முன்னே மதுராந்தகத்தில் ஒரு ரயிலைப் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி, இன்னொரு ரயில் மாறி, ஊரப்பாக்கம் வந்து, எங்கள் பஸ்ஸில் ஏறுவாள். பஸ் திரும்பத் தெற்கே போய், செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பும். இரண்டு மணி நேரத்துக்கு முன் அவள் இறங்கி நின்ற செங்கல்பட்டையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவாள்.

"செங்கல்பட்டுலயே ஏறியிருக்கலாமே?" என்றேன்.

"மொத நாளு ஏறினேன்க்கா. பேரு வாசிக்கற அண்ணன் கார்டைப் பாத்துட்டு, 'உன் பேரு இந்த ஸ்டாப்பிங்ல இல்ல, எறங்கு'ன்னுட்டாரு. அன்னிக்கி லீவு போட்டுட்டாங்க."

"அப்போ ஃபாரத்துல எதுக்கு ஊரப்பாக்கம்னு குடுத்தே?"

"நாங்க எங்கக்கா குடுத்தோம்? கம்பெனியே போட்டு வச்சிருந்திச்சு."

அவளுக்குப் பின்னால் நின்றவள் சேர்ந்துகொண்டாள். "பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்னாருக்கா. காலியா கீற எடத்துல மட்டும் எழுது, அவங்க எழுதி வச்சதுல கைய வெக்காத, தள்ளி வுட்டுடுவாங்கன்னு."

பிரவுசிங் சென்டரில் நானும் வருகிறவர்களுக்கு அதையேதான் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் அடியில் 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று ஒரு பெட்டி இருக்கும். ரேஷன் கார்டாகட்டும், பரீட்சைக் கட்டணமாகட்டும், அதில் பேனா பட்டால் வேறு தாள் வாங்கி வா என்று விரட்டிவிடுவார்கள். ஏற்கெனவே நிரப்பியிருப்பது அவர்களுடையது, காலியாக இருப்பது நம்முடையது. இதைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கற்று வந்திருக்கிறோம். திரையில் ஊரப்பாக்கம் என்று தெரிந்ததும் அதை ஓர் ஆலோசனை என்று யாரும் நினைக்கவில்லை. உத்தரவு என்று நினைத்தார்கள். உத்தரவு போட்டால் போய்த்தானே ஆகவேண்டும். இந்த ஐந்து பேர் போனார்கள். பட்டியலில் இருந்த மற்றவர்கள், இவ்வளவு தூரமா என்று வேலைக்கே வராமல் நின்றுவிட்டார்கள். காற்று ஏறிய பஸ்ஸுக்கு இதுதான் காரணம்.

பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கனகாம்பரம் வைத்தவள் என் நோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இத மாத்த முடியுமா? இந்த மாசக் கடைசியோட எங்கப்பா நின்னுக்கச் சொல்லிட்டாரு."

அவள் தகப்பனார் மதுராந்தகத்தில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தினமும் அவள் எழுந்து கிளம்பும்போது அவரும் எழுந்து ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டுப் போகிறார். சாயந்திரம் அதே ஊரப்பாக்கம், அதே இரண்டு ரயில். வீடு சேர எட்டரை ஆகிறது. 'நீ ஒயர் கட்டற வேலைக்குப் போறியா, ரயிலு ஓட்டற வேலைக்குப் போறியா?' என்று கேட்டாராம். மாதக் கடைசிக்குள் வண்டி ஊருக்கு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. மூன்று மாதப் பயிற்சியை முடித்தால்தான் நிலையாக எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நின்றால் திரும்பச் சேர்க்க மாட்டார்கள்.

"இன்னும் பதினோரு நாளு கீதுக்கா" என்றாள். பஸ் ஏறிவிட்டாள்.

ஆபீசுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். பஸ் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல்லை எதற்காகச் சேர்த்தேன் என்பதையும் சொன்னேன். பேப்பர் வெயிட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, உன் கை வலிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு ரெண்டு ரயிலு ஏறுச்சா?"

"ஆமா சார்."

"நைனா!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். யாரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. "சரி, அந்த ஒரு வார்த்தைய எடுத்துடு."

"எடுத்தா அச்சரப்பாக்கம் வந்துடும் சார். பட்டியல்ல அதான் மொதல்ல கீது. எதையும் சொல்லலைன்னா கம்ப்யூட்டர் மொதல்ல இருக்கறத எடுத்துக்கும்."

"அப்ப எழுபது பேரையும் அச்சரப்பாக்கத்துக்கு அனுப்புவியா? நல்லா கீதும்மா உன் கம்ப்யூட்டரு. குந்த எடம் குடுத்தா போதும், ஊரயே மாத்திடுது."

அச்சரப்பாக்கத்துக்கு மேலே, ஊரே இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: 'நீங்கள் ஏறும் ஊரைத் தேர்ந்தெடுக்கவும்.' அதைத் தொடாமல் விட்டால் படிவம் போகாது என்றும் வைத்தேன். அடுத்த நாளே ஒரு பிரவுசிங் சென்டர்காரர் போன் செய்து, "மேடம், உங்க ஃபாரம் ரிப்பேரு. முன்னாடி எல்லாம் தானா வரும், இப்ப ஒரு கட்டத்துல ஒண்ணும் வரல" என்றார். ரிப்பேர் இல்லை, அது நீங்கள் நிரப்ப வேண்டியது என்று சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

படிவத்தைச் சரி செய்தது அடுத்து வரப்போகிறவர்களுக்கு. வந்துவிட்டவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. மதுராந்தகத்துக்கு ஒரு வேன் விட வேண்டும். வேன் விட, குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும் என்று முதலாளி ஒரு கணக்கு வைத்திருந்தார். இருப்பது ஐந்து பேர்.

எழுபத்தொரு பேரின் முகவரிகளையும் அச்செடுத்து உட்கார்ந்தேன். ஏறும் இடம்தான் பொய். முகவரி அவரவர் கையால் அடித்தது. குறுக்குத் தெரு, ஏரிக்கரை, மாதா கோயில் பின்புறம், ரைஸ் மில் எதிரில் என்று ஒவ்வொருத்தரும் வீட்டை விரல் நீட்டிக் காட்டியிருந்தார்கள். மதுராந்தகத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எழுதியிருந்தவர்களில், வேலைக்கே வராமல் நின்றவர்கள் ஒன்பது பேர். இடம் இன்னும் காலியாக இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். ஒன்பது பேருக்கும் போன் போட்டேன்.

பாதி எண்கள் பக்கத்து வீட்டுடையவை. "கொஞ்சம் இருங்க, கூப்டறேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போவார்கள். தெருவின் சத்தமெல்லாம் காதில் விழும். ஒருத்தி வண்டி வருமா என்று ஒரே கேள்வி கேட்டு, வரும் என்றதும், எந்தத் தேதி என்று கேட்டாள். இன்னொரு வீட்டில் ஓர் அண்ணன் பேசினார். "மொதல்ல ஊரப்பாக்கம்னீங்க, இப்ப மதுராந்தகம்ன்றீங்க, நாளைக்கு மகாபலிபுரம் கடல்ல வந்து ஏறிக்கோன்னுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, தங்கையை அனுப்பச் சம்மதித்தார்.

எட்டாவது போனை ஒரு தாய் எடுத்தார்.

"அவளைக் கட்டிக் குடுத்துட்டோமே கண்ணு. போன மாசம். திண்டிவனத்துல கீறா."

"சரிம்மா. நான் வேலை விஷயமா..."

"தெரியும். அந்த வேல கெடச்சா ஒரு வருசம் பொறுக்கலாம்னுதான் இருந்தோம். அவளும் கேட்டா. ஊரப்பாக்கம்னு வந்திச்சி. அவ்ளோ தொலைவு எங்க அனுப்பறது? மாப்ள வூட்ல கேட்டுகினே இருந்தாங்க, சரின்னுட்டோம்." பிறகு, "நல்ல பையன்தான்" என்றார்.

நான் அந்தப் பெயருக்கு எதிரே கோடு போட்டேன். ஒன்பதாவது எண்ணைச் சுற்றினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் தெரியவில்லை.

ஒன்பதில் ஆறு பேர் வருகிறேன் என்றார்கள். ஐந்தும் ஆறும் பதினொன்று. இன்னும் ஒருவர் வேண்டும். அச்சரப்பாக்கம் பக்கம் யாராவது கிடைப்பார்களா என்று இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தபோது பட்டியலை அப்படியே கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தேன்.

"எவ்ளோ?"

"பதினொண்ணு சார்."

"பன்னெண்டு சொன்னேன்."

"ஆமா சார்."

பட்டியலில் மேலிருந்து கீழாக ஒரு விரலை ஓட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எத்தனை வரி என்று மட்டும் பார்த்திருப்பார்.

"வண்டி தானா போவுமா?"

"இல்ல சார்."

"அப்ப டிரைவரு ஒரு ஆளு இல்லியா? பன்னெண்டு. போ, திங்கக்கெழம வண்டிய அனுப்பு."

காற்று ஏற்றிய டிரைவருக்கே அந்த வேனைக் கொடுத்தோம். இரண்டாவது பஸ்ஸை நிறுத்தியதால் அவருக்கும் ஒரு வண்டி வேண்டியிருந்தது. இடம் தெரியாமல் யாரையும் விட்டுவிடக்கூடாது என்று முதல் நாள் நானும் கூடவே போனேன். மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, ஆறரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். கனகாம்பரக்காரியோடு அவள் தகப்பனாரும் வந்திருந்தார். தோளில் மண்டித் துண்டு. வேனைச் சுற்றி வந்து நான்கு டயரையும் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் கம்ப்யூட்டர்ல போடற பொண்ணா?"

"ஆமாங்க."

"ஊரப்பாக்கம்னு போட்டது கம்பெனி இல்லன்னு பஸ்ஸுல பேசிக்கறாங்களாமே. நீயா?"

"நான்தாங்க. எடுக்க மறந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் பெரிய இடத்து உத்தரவு என்று நினைத்து விடியும் முன்னே எழுந்தவர், உத்தரவு போட்டது ஊரப்பாக்கத்துப் பெண் ஒருத்தியின் மறதி என்று தெரிந்துகொள்ளும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"நாங்க கேட்டிருக்கலாம்" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா, தெரியாது. பிறகு டிரைவர் பக்கம் போனார். "அண்ணாத்த, ஆறரைன்னா ஆறரை. சாய்ந்தரம் எத்தினி மணி?"

"ஆறே காலுக்கு இங்க எறக்கி வுட்டுடுவேன். நீ டீ குடிச்சிகினு நில்லு."

"டீ நீ வாங்கிக் குடு, நிக்கறேன்" என்றார் தகப்பனார். பெண்கள் சிரித்தார்கள்.

வேன் கிளம்பியது. நான் முன் சீட்டிலிருந்து திரும்பி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு டிக் போட ஆரம்பித்தேன். இடப்பக்க ஜன்னலோரம் அவள். ஏரிக்கரை முடிவதற்குள் வாய் லேசாகத் திறந்து தூங்கிவிட்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் எழுப்பக் கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவள் பெயரைக் கூப்பிடாமலே டிக் போட்டேன்.